பொழுதோடு ஒரு விருந்து: இல்லறத்தார்க்கு ஒரு பாடம்



ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் யாம் பயின்ற காலத்தில், எந்தப் பாடத்தைத் தொடங்குவதற்கு முன்னும் நோக்கம், முன்னறிவு, துணைக்கருவி, பயிற்சி எனத் தலைப்பிட்டுக் குறிப்பு எழுதிக் காட்ட வேண்டும். பணி ஓய்வு பெற்றுப் பல ஆண்டுகள் ஆகியும் அப்பழக்கம் எம்மை விட்டு நீங்கவில்லை. ஆகவே, பண்டிகை நாளில் கூடும் உறவினர்க்கு மாலைச் சிற்றுண்டி அளிப்பது என்னும் இச்சிறு பொருளையும் ஒரு பாடமாகவே எழுத முற்பட்டோம். அடுப்படிச் செய்திதானே என்று எவரும் இதனை எளிதாக எண்ணிவிடலாகாது. ஒரு குடும்பத்தின் அறம் நூலில் இருப்பதைக் காட்டிலும் பந்தியில்தான் வெளிப்படையாகத் தெரிகிறது.

பாடத்தின் நோக்கம்

விருந்துக்கு வந்தோருள் மிகக் கடுமையாக நோன்பு காப்பவரும், நோன்பு இன்னதென்று அறியாத சிறு குழந்தையும், சமைத்த இல்லத்தரசியும் ஒரே பந்தியில், பொழுது சாய்வதற்குள், ஒரே பண்டத்தை மகிழ்ந்து உண்ண வேண்டும். இவ்வொன்றே இப்பாடத்தின் நோக்கம். மற்றவை எல்லாம் இதற்குத் துணை.

எமது முதல் பிழை

ஆசிரியர் தாம் செய்த பிழையைச் சொல்லித் தொடங்கினால் மாணவர் மனத்தில் பாடம் பதியும் என்பர். அவ்வாறே தொடங்குகின்றோம்.

1974-ஆம் ஆண்டு. பகவான் மகாவீரர் நிர்வாணம் எய்திய 2500-ஆம் ஆண்டு நிறைவை நாடெங்கும் கொண்டாடத் தொடங்கிய தீபாவளி அது. யாம் புகுந்த வீடு வந்தவாசிப் பக்கத்தில் ஒரு சிற்றூர். அன்று மாலை உறவினர் இருபது பேருக்கு மேல் கூடினர். புதிய மருமகளாகிய யாம், நம் கைத்திறனைக் காட்ட வேண்டும் என்னும் ஆசையால் உளுந்து வடையும் வாழைக்காய் பஜ்ஜியும் சுடச்சுடத் தருவதெனத் திட்டமிட்டோம். உளுந்தை ஆட்டுக்கல்லில் அரைத்து முடித்தபோது மணி ஐந்து. எண்ணெய் காய்ந்து முதல் ஈடு வடை எடுத்தபோது முற்றத்தில் வெயில் இல்லை. நவம்பர் நடுவில் நம் பகுதியில் ஏறத்தாழ 5.40 மணிக்கே கதிரவன் மறைந்துவிடுகிறான் என்பதை யாம் கணக்கில் கொள்ளவில்லை.

எம் கணவரின் பாட்டியார் எண்பது வயதைக் கடந்தவர். மாலையில் பிள்ளைகளோடு சேர்ந்து உண்ணலாம் என்று நண்பகலில் சிறிதே உண்டிருந்தார். இலையில் வடை வைக்கச் சென்றோம். அவர் வாயிற்புறம் வானத்தைப் பார்த்தார். இலையை மடித்தார்.

“பொழுது போயிடுச்சேம்மா. எனக்கு வேண்டாம், பிள்ளைகளுக்குப் போடு” என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. அன்றிரவு ஒரு வாய் நீரும் அருந்தாமல் உறங்கச் சென்றார். பந்தியில் இருந்தோர் வடையைப் பாராட்டினர். யாம் மட்டும் உண்ணவில்லை.

மறுநாள் காலையில் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்தபோது பாட்டியார், “அடுத்த வருஷம் அவல் போதும்மா. நீயும் எங்களோட உட்காரு” என்றார். அடுத்த ஆண்டு அவ்வாறே செய்தோம். நான்கு மணிக்கு அவலும் சுண்டலும் பானகமும் வைத்து, அவர் அருகில் அமர்ந்து உண்டோம். இப்பாடத்தில் எமது முதல் தேர்ச்சி அதுவே.

காலக் கணக்கு

விருந்துக்கு வேண்டிய பொருள்களின் பட்டியலில் முதலில் எழுத வேண்டியது அரிசியோ பருப்போ அன்று, காலம். நம் முன்னோர் கதிரவன் மறைவதற்கு இரண்டு நாழிகை முன்னரே உண்டு முடிப்பதைச் சிறந்த ஒழுக்கமாகக் கொண்டனர். ஒரு நாழிகை 24 நிமிடம். இரண்டு நாழிகை 48 நிமிடம். இனிக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

தீபாவளிக் காலத்தில் கதிரவன் மறைவது ஏறத்தாழ 5.40 மணி. அதில் 48 நிமிடம் கழித்தால் 4.52. பொங்கல் நாளில் ஏறத்தாழ 6.00 மணி, கழித்தால் 5.12. மகாவீரர் ஜயந்தி வரும் ஏப்ரலில் ஏறத்தாழ 6.20 மணி, கழித்தால் 5.32. ஆகவே ஏப்ரலில் ஐந்து மணிக்கு அழைத்தாலும் உண்டு முடிக்கலாம். தீபாவளியில் ஐந்து மணிக்கு அழைப்பது அழைக்காமல் இருப்பதற்குச் சமம். அழைக்கும்போதே “நான்கு மணிக்குப் பந்தி” என்று நேரத்தைச் சொல்லிவிட வேண்டும்.

மின்விளக்கு வந்தபின் இக்கணக்கு எதற்கு என்று இளைஞர் வினவுவதுண்டு. ஐப்பசி, கார்த்திகை நம் நாட்டில் வடகிழக்குப் பருவமழைக் காலம். மழை விட்ட மாலையில் ஈசல்கள் விளக்கைத் தேடிக் கூட்டமாக வருவதை அவர்களே கண்டிருப்பர். அகல்விளக்காயினும் மின்விளக்காயினும் ஒளியைத் தேடி வரும் சிற்றுயிர் அடுப்பிலும் பாத்திரத்திலும் வீழ்ந்து மடிகிறது. வெளிச்சம் கூடியதனால் உயிரிழப்புக் குறைந்துவிடவில்லை. காரணத்தை இவ்வாறு கண்ணால் காட்டி விளக்கினால் பிள்ளைகள் ஏற்றுக்கொள்கின்றனர். அதட்டிச் சொன்னால் அன்றைக்கு மட்டும் கேட்பர்.

ஆதிபகவன் வரலாறு காட்டும் நெறி

ஆதிபகவன் ஆறு திங்கள் நோன்பிருந்து, பின்னர் உணவு ஏற்க ஊர்தோறும் சென்றார். மக்கள் அன்பில் குறைந்தவர் அல்லர். பொன்னும் மணியும் யானையும் குதிரையும் கொண்டுவந்து அவர் முன் நிறுத்தினர். துறவியார்க்கு ஏற்ற உணவு எது, அதனை எவ்வாறு அளிப்பது என்பதை அவர்களுள் எவரும் அறிந்திலர். ஆகவே மேலும் பல திங்கள் அவர் உண்ணாமலே திரும்பினார். இறுதியில் அத்தினாபுரத்தில் சிரேயாம்ச குமாரன் தூய கரும்புச் சாற்றை முறையறிந்து அளித்தான். அந்நாளையே அட்சய திருதியை எனப் போற்றுகின்றோம்.

இவ்வரலாற்றைத் தானத்தின் பெருமைக்குச் சான்றாகவே நாம் சொல்லி வருகின்றோம். அதில் விருந்தோம்பும் இல்லறத்தார்க்கும் ஒரு பாடம் உண்டு. யானை பெரிது; கரும்புச் சாறு எளிது. ஆயினும் வந்தவரால் ஏற்க முடிந்தது எளியதே. நம் வீட்டு மேசையில் பத்து வகைப் பண்டம் பரப்பி, அவற்றுள் ஒன்றையும் மூத்தவர் தொட இயலாதெனின், நாமும் யானையைக் கொண்டுவந்து நிறுத்தியவர்களே ஆவோம்.

பண்டத்தைத் தேர்ந்தெடுக்க மூன்று வினாக்கள்

எந்தப் பண்டத்தையும் பட்டியலில் சேர்க்கும் முன் மூன்று வினாக்களை எழுப்பிப் பார்க்க வேண்டும்.

முதல் வினா: இதனை எல்லாரும் உண்ணலாமா? வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு, கேரட் முதலிய கிழங்கு வகைகளும் தேனும் விலக்கத்தக்கன என்பது யாவரும் அறிந்ததே. மறைந்து வருவனவற்றையே கவனிக்க வேண்டும். ஜவ்வரிசி தானியம் அன்று. சேலம் பகுதியில் மரவள்ளிக்கிழங்கு மாவிலிருந்து செய்யப்படுவது. ஆகவே ஜவ்வரிசி வடகமும் கிழங்குப் பண்டமே. தயிர்வடை எளிய விருந்துப் பண்டம்தான். ஆயினும் பருப்பும் காய்ச்சாத தயிரும் கூடுவதைத் துவிதளம் என்று விலக்குவோர் நம்முள் பலர் உளர். கடையில் வாங்கும் பொட்டலத்தில் பச்சைப் புள்ளி இருந்தால் அது மரக்கறி என்று மட்டுமே பொருள். வெங்காயப் பொடியும் பூண்டுப் பொடியும் உருளைக்கிழங்கு மாவும் அதனுள் இருக்கலாம். சேர்பொருள் பட்டியலை மூக்குக்கண்ணாடி அணிந்து முழுவதும் படித்தல் வேண்டும்.

நிலக்கடலை பற்றி நம்மிடம் அடிக்கடி கேட்கின்றனர். மண்ணுக்குள் முற்றுவதாயினும் அது கிழங்கன்று, விதை. எனினும் அதனைத் தவிர்ப்பவர் வருவராயின் பொட்டுக்கடலையைச் சேர்க்கலாம்.

இரண்டாம் வினா: ஆறினாலும் சுவைக்குமா? பஜ்ஜி, வடை, போண்டா போன்றவை ஆறினால் கெடும். அவற்றை விருந்துக்கு வைத்தால் ஒருவர் அடுப்பருகே நின்றே ஆகவேண்டும். அந்த ஒருவர் பெரும்பாலும் வீட்டு மருமகளாக இருப்பார்.

மூன்றாம் வினா: பந்திக்குக் கால்மணி நேரம் முன் அடுப்பை அணைக்க முடியுமா? முடியாதெனின் அப்பண்டம் வேறொரு நாளுக்கு ஆகட்டும்.

இருபது பேர்க்கு ஐந்து பண்டங்கள்

இம்மூன்று வினாக்களிலும் தேறிய ஐந்து பண்டங்களை இங்குத் தருகின்றோம். புளித்த மாவு எதற்கும் தேவையில்லை. அரிசி ரவை, பருப்பு, அவல் ஆகியவற்றைப் பகல் வெளிச்சத்தில் சலித்தும் ஆய்ந்தும் வைத்துக்கொள்க. மாவுப் பொருள்களுக்கு மழைக்காலத்தில் மூன்று நாள், கோடையில் ஐந்து நாள், குளிர்காலத்தில் ஏழு நாள் என நம் பெரியோர் வகுத்த அளவையும் நினைவிற் கொள்க.

1. கார அவல்: அவல் அரைக் கிலோவை வெறும் வாணலியில் இளந்தீயில் மொறுமொறுப்பாகும்வரை வறுத்து எடுக்கவும். நான்கு மேசைக்கரண்டி எண்ணெயில் கடுகு, காய்ந்த மிளகாய் ஆறு, கறிவேப்பிலை, பெருங்காயம், மஞ்சள்தூள் தாளித்து, வறுத்த நிலக்கடலை 200 கிராம், பொட்டுக்கடலை 150 கிராம், உப்பு சேர்த்து அவலைக் கொட்டிக் கிளறவும். நன்கு ஆறியபின்னரே டப்பாவில் அடைக்க வேண்டும். சூட்டோடு மூடினால் வியர்த்து நமத்துவிடும். இதனை முதல் நாளே செய்துவிடலாம்.

2. பிடிகொழுக்கட்டை: அரிசி ரவை ஒரு கிலோ. ஒரு பங்கு ரவைக்கு இரண்டு பங்கு நீர். எண்ணெயில் கடுகு, உளுத்தம்பருப்பு, கடலைப்பருப்பு, பச்சை மிளகாய், கறிவேப்பிலை தாளித்து நீரை ஊற்றி, உப்பிட்டுக் கொதித்தபின் ரவையைத் தூவிக் கிளறவும். ஒரு தேங்காய்த் துருவலையும் சேர்க்கவும். கெட்டியானதும் இறக்கி, கை பொறுக்கும் சூட்டில் கையால் பிடித்து, ஆவியில் பன்னிரண்டு நிமிடம் வேகவைக்கவும். ஏறத்தாழ ஐம்பது கிடைக்கும். ஆறினாலும் மென்மை குறையாது.

3. பாசிப்பருப்புச் சுண்டல்: கொண்டைக்கடலையை முதல் நாள் இரவே ஊறவைக்க வேண்டும், பாசிப்பருப்புக்கு ஒரு மணி நேரம் போதும். முக்கால் கிலோ பருப்பை ஊறவைத்து, மலர வேகவைத்து, குழையுமுன் வடித்துவிடவும். கடுகு, காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை, பெருங்காயம் தாளித்துத் தேங்காய்த் துருவல் தூவவும். எலுமிச்சைச் சாற்றை அடுப்பிலிருந்து இறக்கியபின் பிழிக; அடுப்பில் இருக்கும்போது பிழிந்தால் கசக்கும்.

4. வாழைக்காய்க் கட்லெட்: இது பேரப்பிள்ளைகளுக்காக. பத்து வாழைக்காய்களைத் தோலோடு வேகவைத்து, ஆறியபின் தோலுரித்துத் துருவவும். சூட்டோடு மசித்தால் பசையாகிவிடும். பச்சை மிளகாய், ஆய்ந்து கழுவிய கொத்தமல்லித் தழை, சுக்குப்பொடி அரைத் தேக்கரண்டி, உப்பு, பொட்டுக்கடலை மாவு ஒரு குவளை சேர்த்துப் பிசைந்து வட்டமாகத் தட்டி, ரவையில் புரட்டித் தோசைக்கல்லில் சிறிது எண்ணெய் விட்டு இருபுறமும் சிவக்க எடுக்கவும். முப்பது கட்லெட் வரும். இதில் உருளைக்கிழங்கு இல்லை என்று நாம் சொல்லும்வரை எம் பேரன் அறிந்திலன்.

5. பானகம்: நன்கு கொதிக்கவைத்து ஆறிய நீர் நான்கு லிட்டர், வெல்லம் 600 கிராம். வெல்லத்தைக் கரைத்து, வெண்துணியில் வடிகட்டி, சுக்குப்பொடி இரண்டு தேக்கரண்டி, ஏலக்காய் பத்து, எலுமிச்சம்பழம் நான்கின் சாறு சேர்க்கவும். வடிகட்டிய பச்சைநீருக்கு இரண்டு நாழிகையே அளவு; கொதித்த நீருக்கு ஒரு நாள் அளவு உண்டு. ஆகவே காலையிலேயே நீரைக் காய்ச்சி ஆறவைத்துவிட்டால் மாலையில் கவலை இல்லை.

இனிப்பு வேண்டுவோர் கார அவலுக்கென வாங்கியதில் கூடுதலாகக் கால் கிலோ அவலை ஒதுக்கி, நீர் தெளித்து ஊறவைத்து, வெல்லமும் தேங்காயும் ஏலக்காயும் கலந்து தரலாம். அடுப்பே தேவையில்லை.

அன்றைய வேலைப் பகுப்பு

பள்ளியில் காலஅட்டவணை இல்லாமல் வகுப்பு நடவாது; விருந்தும் அத்தகையதே. தீபாவளி நாளை எடுத்துக்கொள்வோம்.

1.30 மணி: பாசிப்பருப்பை ஊறவைத்தல், வாழைக்காயை வேகவைத்தல், தேங்காய் துருவுதல்.
2.00 மணி: கொழுக்கட்டைக்கு மாவு கிளறுதல்.
2.30 மணி: கொழுக்கட்டை பிடித்து ஆவியில் வைத்தல், பருப்பை அடுப்பில் ஏற்றுதல்.
3.00 மணி: கட்லெட் தட்டிச் சுடுதல்.
3.30 மணி: சுண்டல் தாளித்தல், பானகம் கலத்தல்.
3.45 மணி: அடுப்பை அணைத்தல், முகம் கழுவி உடை மாற்றுதல்.
4.00 மணி: பந்தி.
4.45 மணி: நீர் அருந்தி முடித்தல்.

இவ்வேலைகளை ஒருவரே செய்ய வேண்டும் என்று யாம் எழுதவில்லை என்பதைக் கவனிக்க. தேங்காய் துருவ மகனுக்குக் கை உண்டு. எலுமிச்சை பிழியக் கணவருக்கும் இயலும். கொழுக்கட்டை பிடிப்பது சிறுவர்க்கு விளையாட்டு. விரல் பதிந்த தன் கொழுக்கட்டையைத் தேடி எடுத்து உண்ணும் குழந்தைக்கு வேறு தின்பண்டம் நினைவுக்கு வாராது. செய்து கற்றல் என்று பயிற்சிப் பள்ளியில் யாம் படித்தது இதனைத்தான்.

இக்காலத்து ஒரு காட்சி

சில ஆண்டுகளுக்கு முன் நகரத்தில் உறவினர் இல்ல விழாவொன்றை ஓர் உணவு விடுதியில் இரவு எட்டு மணிக்கு வைத்தனர். அழைத்தவர்கள் அன்புடையவர்கள், செலவுக்கும் குறைவில்லை. எம்மைப் போன்ற முதியோர் ஐவர் ஒரு மேசையில் வெறுந்தட்டின் முன் அமர்ந்திருந்தோம். பரிமாறுவோர் வந்து வந்து கேட்க, வேண்டா வேண்டா என்று கையசைத்தோம். அருகில் இருந்த சிறுமி ஒருத்தி, “பாட்டி, உங்களுக்குப் பசிக்கலையா?” என்று கேட்டாள். “நாங்கள் பொழுதோடு சாப்பிட்டுவிட்டோம், கண்ணு” என்றோம். அவள் சிறிது நேரம் எண்ணிப் பார்த்துவிட்டு, “அப்போ ஏன் இராத்திரியில் கூப்பிட்டாங்க?” என்றாள்.

அவளுக்கு எம்மால் விடை சொல்ல இயலவில்லை. அலுவலகம் விடும் நேரமும் நகரத்து நெரிசலும் இளையோர்க்கு உள்ள உண்மையான இடர்கள். அவற்றை யாம் அறியாதவர் அல்லேம். அவர்களைக் கடிந்து பயனில்லை. ஆனால் விடுமுறை நாளிலாவது, ஞாயிற்றுக்கிழமையிலாவது, விழாவை மாலை நான்கு மணிக்கு வைக்கலாம் அன்றோ? இரவு விருந்தில் முதியவர் பட்டினி இருக்கிறார்; அல்லது இளையவர்க்காகத் தம் நோன்பை விடுகிறார். இரண்டும் நம் இல்லத்தில் நிகழ வேண்டா. பொழுதோடு வைத்த விருந்தில் எவரும் எதனையும் இழப்பதில்லை. பிற சமயத்து நண்பர்கள் வந்தாலும், கொழுக்கட்டையும் பானகமும் அவர்களுக்கும் இனிப்பனவே.

மீள்பார்வையும் பயிற்சியும்

பாடம் முடிந்தபின் வினாக் கேட்பது எம் வழக்கம். குடும்பத்தோடு அமர்ந்து விடை காண்க.

1. உங்கள் ஊரில் வரும் தீபாவளியன்று கதிரவன் மறையும் நேரம் யாது? அதில் இரண்டு நாழிகையைக் கழித்துப் பந்தி நேரத்தைக் குறிக்க.
2. உங்கள் வீட்டில் உள்ள தின்பண்டப் பொட்டலம் ஒன்றன் சேர்பொருள் பட்டியலைப் பிள்ளைகளைக் கொண்டு படிக்கச் செய்து, நமக்கு ஆகாதவற்றை அடிக்கோடிடுக.
3. சென்ற விருந்தில் உங்கள் இல்லத்து மூத்தவர் எதனை உண்டார்? எதனை உண்ணவில்லை? ஏன்?
4. சென்ற விருந்தில் சமைத்தவர் எங்கே அமர்ந்து, எந்நேரத்தில் உண்டார்?

நான்காம் வினாவுக்கு விடை எழுதும்போது வீட்டில் சிறிது அமைதி நிலவக்கூடும். அதனால் தவறில்லை. அடுத்த விருந்துக்கு அடுப்பை 3.45-க்கு அணைத்துவிட்டு, அவருக்கும் ஓர் இலை போடுங்கள்.